பந்தல் பறவைக்குப் பெயர் வைத்தவர்களும் மயில் என்று சொன்ன நானும்

நான் கொஞ்சம் நீட்டிவிட்டால் தட்டி நிறுத்துவதற்கென்றே எவர்சில்வர் தம்ளரையும் கரண்டியையும் கையோரம் வைத்துக்கொண்டு, சுவருக்கு வண்ணம் விற்பதைத் தொழிலாகவும் தமிழுக்கு வண்ணம் சேர்ப்பதைத் தவமாகவும் கொண்டு, இந்த வாசகர் வட்டத்தைப் பதினோரு ஆண்டுகளாகப் பசி பாராமல் பகல் பாராமல் கட்டிக்காத்துவரும் தலைவர், கள்ளக்குறிச்சிக் கடைவீதி கண்டெடுத்த கண்ணியம், என் அருமை ஜாபர் பாய் அவர்களே! முழங்கால் வலியை வீட்டில் வைத்துவிட்டு முகமலர்ச்சியோடு முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே! மாவரைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மருமகளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, மறக்காமல் மண்டபம் வந்து சேர்ந்த தாய்மார்களே! வெள்ளிமலையிலிருந்து வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் இறங்கி வந்திருக்கும் கல்வராயன் மலை மக்களே! வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் தம்பிகளே, வாருங்கள், நாற்காலி இருக்கிறது! உங்கள் அத்தனை பேருக்கும், பயத்தில் நாக்கு வறண்டுபோன ஒருவனின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். தனசேகரனுக்கு மேடைப் பயமா என்று சிரிக்கிறீர்கள். பதினாறு ஆண்டுகளாக மேடையேறிக்கொண்டிருக்கிறேன். மைக் இல்லாமல் பேசியிருக்கிறேன், மழையில் பேசியிருக்கிறேன், ஆளே இல்லாத மைதானத்தில் மைக்செட்காரருக்காக மட்டும் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன். மேடை எனக்குப் பயமில்லை. இன்று நான் சொல்லப்போவதுதான் எனக்குப் பயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. இந்த மண்டபத்தில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மலையில் அவர்கள் ஊரில் கூட்டம். அந்தத் தாயிடமிருந்து அவருடைய ஐந்து வயதுப் பிள்ளையை நிரந்தரமாகப் பிரித்துவிடுவது என்று அங்கே முடிவு செய்யப்போகிறார்கள். அதைத் தடுக்கக்கூடிய உண்மை ஒன்று இருக்கிறது. அது என் வாய்க்குள் இருக்கிறது. ஓராண்டாக அதை மென்று மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறேன். இன்று துப்பிவிட வேண்டும்.

என்ன பாய், தம்ளரைத் தொடுகிறீர்களே? தலைப்புக்கு வரச் சொல்கிறீர்கள். வருகிறேன். ஐந்நூறு நோட்டீஸ் அடித்திருக்கிறீர்கள், 'பந்தல் பறவைகளும் பெயர்க் காரணங்களும், சிறப்புரை, பறவை ஆர்வலர் களமருதூர் தனசேகரன்' என்று. அடித்த நோட்டீசுக்கு அநியாயம் செய்ய மாட்டேன். அந்தப் பறவைகளின் வழியாகத்தான் நான் செய்த பாவத்துக்குப் போக வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பந்தல் பறவை! நம் ஊர்ப் பறவை அல்ல அது. நம் ஏரியில் இறங்காது, நம் வேலியில் ஏறாது. ஆஸ்திரேலியாவிலும் நியூகினித் தீவிலும் மட்டுமே வாழ்வது. ஆண் பறவை காட்டுத் தரையைக் கூட்டிப் பெருக்கி, குச்சி குச்சியாகக் கொண்டுவந்து நட்டு, ஒரு பந்தல் போடும். எதற்காக? குடியிருக்கவா? இல்லை. முட்டையிடவா? இல்லை. பெண் வந்து பார்க்க வேண்டும், பார்த்து மயங்க வேண்டும், அதற்காக மட்டும்! கூடு கட்டுவதும், அடைகாப்பதும், குஞ்சுக்கு இரை தேடுவதும் எல்லாம் அந்தப் பெண் பறவை, தன்னந்தனியாக, வேறு ஒரு மரத்தில்.

தாய்மார்கள் பக்கம் சிரிப்புச் சத்தம் பலமாக இருக்கிறது. புரிகிறது, புரிகிறது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளுங்கள்.

கப்பலேறிப் போன வெள்ளைக்காரர்கள் அந்தக் குச்சிப் பந்தலைப் பார்த்தார்கள். தங்கள் ஊர்த் தோட்டத்துக் கொடிப்பந்தல் நினைவுக்கு வந்தது. அந்தப் பந்தலின் பெயரையே பறவைக்கும் வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒன்று, கருநீலத்தில் பளபளவென்று மின்னும். பார்த்தார்கள், நம் வீட்டுப் பெண்கள் ரவிக்கை தைக்கிற சாட்டின் துணி மாதிரி இருக்கிறதே என்று சாட்டின் பந்தல் பறவை என்றார்கள். அந்தப் பளபளப்பு வருவதற்கே ஆணுக்கு ஏழு ஆண்டு ஆகுமாம். அதற்கு நீலம் என்றால் உயிர். நீலப் பூ, நீல இறகு, நீல பாட்டில் மூடி, துணி காயப்போடுகிற நீலக் கிளிப்பு, எது கிடைத்தாலும் தூக்கிவந்து பந்தல் வாசலில் பரப்பிவைக்கும். இன்னொன்று பொன்னும் கறுப்புமாகப் பகட்டாக இருந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அரசருக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த இளவரசரின் பட்டத்தை அதற்குச் சூட்டிவிட்டார்கள். பாவம், அந்தப் பறவை ஆட்சியைக் கண்டதா, இளவரசரைக் கண்டதா? மற்றொன்றின் அலகில் பல் மாதிரி வெட்டு இருந்தது, பல்லலகு என்றார்கள். அதற்கே இன்னொரு பெயரும் உண்டு, மேடை அமைப்பவன் என்று. தரையைச் சுத்தம் செய்து, பச்சை இலைகளைப் பறித்துவந்து, வெளுத்த அடிப்பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்துக் கவிழ்த்துப் போடும். வாடினால் எடுத்துவிட்டு வேறு இலை போடும். மேடை போட்டுவிட்டு அதன் மேலே ஒரு கிளையில் உட்கார்ந்து ஓயாமல் கத்தும்.

ஆமாம் பாய், ஆமாம். என்னைத்தான் சொல்கிறேன்.

அன்புடையோரே, ஒன்றைக் கவனியுங்கள். பறவை பறவையாகத்தான் இருந்தது. துணியைக் கண்டவன் துணியின் பெயரை வைத்தான். இளவரசரை வணங்கியவன் இளவரசரின் பெயரை வைத்தான். யாராவது அந்தப் பறவையைக் கேட்டார்களா? யாருக்காவது கேட்கத் தோன்றியதா? பெயர் வைத்தவனின் மனத்தில் என்ன இருந்ததோ அதுதான் பெயராக வந்தது. இதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பள்ளிக்கூடங்களில் கைதட்டல் வாங்கியிருக்கிறேன் தெரியுமா? சொன்னேனே தவிர எனக்கு அது உறைக்கவில்லை.

இன்னும் கேளுங்கள். முதன்முதலாக அந்தப் பந்தல்களைப் பார்த்த பயணிகள் சிலர், இது பறவை கட்டியது என்று நம்பவே இல்லையாம். அந்தக் காட்டுப் பழங்குடித் தாய்மார்கள் தங்கள் குழந்தைகள் விளையாடுவதற்காகக் கட்டிக்கொடுத்த குச்சு வீடு என்று நினைத்தார்களாம். பறவை செய்ததைப் பார்த்துப் பிள்ளை என்று நினைத்தார்கள். அதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? ஒன்றுமில்லை. நான் செய்தது அதற்கு நேர்மாறான தப்பு.

அதே குடும்பத்தில் பந்தலே போடாத ஒரு பறவை உண்டு. பச்சை நிறம். பொழுது விடிகிற நேரத்தில் அடர்ந்த காட்டுக்குள்ளிருந்து அது கத்தினால், பூனை கத்துவது மாதிரி இருக்குமாம். சிலருக்குப் பச்சைக்குழந்தை வீறிட்டு அழுவது மாதிரி இருக்குமாம். எண்ணிப் பாருங்கள். தெரியாத தேசம், தெரியாத காடு, உள்ளேயிருந்து குழந்தை அழுகிறது. ஈரக்குலை நடுங்காதா? போய்த் தேடினால் குழந்தை இல்லை, பறவை இருக்கிறது. பூனைப் பறவை என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்ததும் பயம் போயிற்று. மறுநாள் அதே சத்தம் கேட்டால், 'அட, அந்தப் பறவைதானே' என்று புரண்டு படுக்கலாம். பெயர் தெரிந்துவிட்டால் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியதில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். நன்றி, தம்பி.

போன மாசி மாதம். களமருதூரில் எனக்கு இரண்டு ஏக்கர் கரும்பு. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து, கல்வராயன் மலையிலிருந்து பதினான்கு பேர் வெட்டுக்கு வந்திருந்தார்கள். மேஸ்திரி முனியன் கூட்டிவந்த ஆட்கள். அதில் ஒருவர் சாலம்மாள். கணவர் கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறார். பிள்ளையை விட்டுவர இடமில்லாமல், நாலு வயது சுபஸ்ரீயை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். கரும்பில் உரித்துப்போட்ட காய்ந்த தோகையை நாங்கள் சோகை என்போம். அந்தச் சோகையையும் நாலு கரும்பையும் வைத்து, வரப்பு ஓரத்தில் பிள்ளைக்கு ஒரு சின்னப் பந்தல் போட்டுக்கொடுத்தார். நான் அதைப் பார்த்து, 'இன்னாம்மா, பந்தல் பறவையாட்டம் கட்டிக்கினு இருக்க' என்று கேட்டேன். கேட்டுவிட்டு அங்கேயே நின்று அவருக்குப் பந்தல் பறவையைப் பற்றிக் கால்மணி நேரம் பாடம் நடத்தினேன். வெயிலில் அரிவாளோடு நின்றுகொண்டு கேட்டார், பாவம்.

ஐந்தாம் நாள் மதியம் வெட்டு முடிந்து லாரி கிளம்பியது. வயல் முழுக்க இடுப்பளவு சோகை. நடுவில் மட்டும், காற்றில் சாய்ந்து படுத்துப்போன கரும்பு ஒரு கீற்று வெட்டாமல் கிடந்தது. வெட்டினாலும் ஆலையில் எடுக்க மாட்டார்கள் என்று, எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்திவிடச் சொன்னேன்.

எங்கள் பக்கம் கொளுத்துவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. வயலின் நாலு மூலையிலும் நாலு பேர் நின்று, 'பத்த வைக்கப் போறோம், போறதுங்க போயிடுங்க' என்று மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். முயல் இருக்கும், உடும்பு இருக்கும், குஞ்சோடு கவுதாரி இருக்கும். ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஏதாவது சத்தம் வந்தால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது குரல். மூன்றாவது குரலுக்குப் பிறகுதான் தீக்குச்சி.

பழைய வழக்கம்தான். ஆனால் அதில் நான் ஒரு புதுசைப் புகுத்தியிருந்தேன். சத்தம் வந்தால் எதற்கு எல்லோரும் போய்ப் பார்த்துக்கொண்டு? என்னைக் கேளுங்கள், எந்தப் பறவை என்று சொல்லிவிடுகிறேன், கூடு வைக்கிறதா சும்மா மேய்கிறதா என்பதையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். நாலைந்து வருடமாக ஊரே அப்படிப் பழகிவிட்டது. யார் வயலில் சோகை கொளுத்தினாலும் எனக்கு ஆள் வரும். 'பறவ சாரு வரட்டும், அவரு சொன்னா பத்த வைக்கலாம்.' எனக்கு என்ன பெருமை! என்ன பூரிப்பு! கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு, ஏதோ நீதிபதி வந்து நிற்கிற மாதிரி வரப்பில் வந்து நிற்பேன்.

அன்றைக்கும் நின்றேன். முதல் குரல் கொடுத்தார்கள். ஒன்றுமில்லை. இரண்டாவது குரல் கொடுத்தார்கள். வயல் அமைதியாக இருந்தது. அப்போது நடுவயலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நீளமாக, மேலே ஏறி, உடைந்து இறங்குகிற சத்தம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். காலையிலிருந்து அந்த வயலில் மூன்று மயில்களைப் பார்த்திருந்தேன். என் மனத்தில் மயில் இருந்தது. மயிலின் அகவல் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்த நேரம் வேறு. கண்ணைத் திறக்காமலே சொன்னேன், 'மயிலு.'

சாலம்மாள் இரண்டடி முன்னால் வந்தார். 'ஐயா, புள்ள அழுவுற மாதிரி கேக்குதுங்க' என்றார்.

நான் சிரித்தேன். அன்புடையோரே, நான் சிரித்தேன். 'எல்லாரும் அப்டித்தாம்மா ஏமாந்து போறாங்க. மயிலு கத்தினா புள்ள அழுவுறாப்ல தான் இருக்கும். உம்புள்ள பந்தல்ல தூங்கிக்கினு இருக்குது.'

'ஒரு எட்டு போயி பாத்துட்டு வந்துடறேங்க.'

'நீ போயி தண்ணிக் கொடத்த எடுத்துக்கினு வா. தீ வரப்பு தாண்டாம பாக்கணும். நேரமாவுது.'

முனியன் மேஸ்திரி, 'சாரே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா? பத்த வைங்க' என்றார். மூன்றாவது குரலை யாரும் கொடுக்கவில்லை. குச்சியை உரசியது நான். என் வயல், என் தீப்பெட்டி, என் கை.

காய்ந்த சோகை எப்படிப் பிடிக்கும் என்று இங்கே விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண் இமைப்பதற்குள் ஆள் உயரம் எழுந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து மூன்று மயில்களும் பறந்து வெளியே வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணினேன். 'பாத்தியாம்மா' என்று வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகும் நடுவயலிலிருந்து அதே சத்தம் வந்தது. அதே ஏற்றம். அதே இறக்கம். நடுவில், 'யம்மா' என்று ஒரு சொல்.

நாற்பத்தேழு வயது ஆண்பிள்ளை, என் வயலின் ஒவ்வொரு பாத்தியையும் அறிந்தவன், நின்றுகொண்டிருந்தேன். சாலம்மாள் குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடினார். புகையில் அவர் மறைந்ததும், வெளியே இருந்த நாங்கள் பதினைந்து பேரும் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே வந்தபோது அவர் இரண்டு கையும் வெந்திருந்தது. பிள்ளையை மாராப்பில் சுற்றியிருந்தார். பிள்ளைக்கு இடது காலும் முதுகும். மயிலிறகு பொறுக்கிக்கொண்டே பந்தலிலிருந்து நடந்துபோய், அந்தச் சாய்ந்த கரும்புக்குள் சிக்கிக்கொண்டு வழி தெரியாமல் அழுதிருக்கிறது. வெளியே வந்தபோதும் ஒரு கையில் இறகை விடாமல் பிடித்திருந்தது.

உயிர் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது, தாயே, இருக்கிறது. தாயும் பிள்ளையும் ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்கள். ஆனால் அன்று முதல் சுபஸ்ரீ வாய் திறக்கவில்லை. காது கேட்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். பேசுவதில்லை. அழுவதுகூட இல்லை. விழுந்து முட்டி பெயர்ந்தாலும் சத்தம் இல்லாமல் கண்ணீர் மட்டும் வரும். கத்தினேன், யாரும் வரவில்லை, தீதான் வந்தது. இனி எதற்குக் கத்துவது என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துவிட்டதோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அண்ணே, அந்தப் பக்கம் யாரோ சொல்கிறீர்கள், 'தெரியாமத்தான நடந்துச்சு, வுடுங்க' என்று. பாயும் தலையை ஆட்டுகிறார். உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் அவசரப்பட்டு மன்னித்துவிடாதீர்கள். நான் இன்னும் முடிக்கவில்லை. நடந்தது தவறு. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் துரோகம்.

ஊரில் பேச்சு எழுந்தது. பிள்ளை எப்படி வயலுக்குள் போனது? தாய் எங்கே போனாள்? 'பெத்தவளுக்குக் கவனம் வாணாமா?' என்றார் முனியன். அடுத்த வெட்டுக்கும் அவரையே நம்பியிருந்த ஆட்கள் அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள். அந்தப் பேச்சு மலைக்கு ஏறியது. சாலம்மாள் தன் மாமனாரிடம் உள்ளதைச் சொன்னார். 'சத்தம் கேட்டுச்சு, நான் சொன்னேன், பறவ சாருதான் மயிலுன்னாரு' என்று. சாலம்மாளின் மாமனார் மாயவன் ஐயா நியாயமான மனிதர். ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது என்று, சிக்னல் கிடைக்கிற பாறை வரைக்கும் ஏறிவந்து எனக்குப் போன் செய்தார்.

'சாரு, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம்மருமவ அப்பவே புள்ள சத்தம் கேக்குதுன்னு சொன்னாளாம். நீங்கதான் மயிலுன்னு சொன்னீங்களாம். மெய்யா?'

அன்புடையோரே! மெய்யா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல் எங்கே போயிற்று? போலீஸ் வருமோ என்று பயந்தேன். கேஸ் ஆகுமோ என்று பயந்தேன். பறவை சாரு என்கிற பட்டம் போய்விடுமோ, பள்ளிக்கூடத்தில் கூப்பிடமாட்டார்களோ, இந்த மேடை கிடைக்காதோ என்று பயந்தேன். இத்தனை பயமும் ஒன்றாகச் சேர்ந்து என் வாயைத் திறந்து பேசியது: 'ஞாபகம் இல்லீங்களே. அந்தம்மா எதுவும் சொன்ன மாதிரி தெரியல. நான் அப்டி எதுவும் சொல்லல.'

'சரிங்க சாரு. படிச்சவரு நீங்க பொய் சொல்லப் போறீங்களா' என்று வைத்துவிட்டார்.

கவனக்குறைவானவள் என்று இருந்த பழி, பொய்க்காரி என்றும் ஆயிற்று. பிள்ளையைத் தாத்தா வீட்டில் வைத்துக்கொண்டு, தாயை வாசலோடு அனுப்பினார்கள். கேரளத்திலிருந்த கணவரும் அப்பா பேச்சையே நம்பினார். சின்னசேலத்தில் அண்ணன் வீட்டில் ஒதுங்கி, வெந்து ஆறிய கையோடு அரிசி ஆலையில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போகிறார். மாதம் ஒரு தடவை பிள்ளையைப் பார்க்கலாம், தொடாமல். வருகிற ஞாயிறு அதுவும் இல்லை என்று ஆகப்போகிறது.

இந்த ஓராண்டும் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? எங்கள் ஊரில் விடிந்தால் மயில் கத்தும். பாதிப் பல் தேய்த்தபடி ஓடுவேன். தோப்புக்குள், சோளக்காட்டுக்குள், முள்ளுக்குள் ஓடிப்போய்ப் பார்ப்பேன். மயில்தான் நிற்கும். என்னைப் பார்த்துவிட்டு நடந்துபோகும். நாளைக்கும் ஓடுவேன். என் மனைவி எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறாள். காக்கை கத்தினாலும் அதைக் காக்கை என்று சொல்ல என் நாக்குக்குத் துணிவில்லை. இருநூற்றுப் பத்துப் பறவைகளின் பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவன் நான்.

பறவைகளின் படம் காட்டப்போகிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மாயவன் ஐயாவை அழைத்தேன். வந்திருக்கிறார். இடதுபுறம் நாலாவது வரிசை. பிள்ளை அவர் மடியில். சின்னசேலத்துக்குப் போய்ச் சாலம்மாளையும் வரச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. வலதுபுறம், தூணுக்குப் பக்கத்தில். படம் காட்டப்போவதில்லை. ஐயா, என்னை மன்னியுங்கள், படத்துக்காக உங்களை நான் வரவழைக்கவில்லை.

சாட்சியாக இத்தனை பேர் இருக்கிறீர்கள். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். அந்தத் தாய் கேட்டது மெய். சொன்னது மெய். போய்ப் பார்க்கிறேன் என்று கெஞ்சியது மெய். தடுத்தவன் நான். மயில் என்றவன் நான். கொளுத்தியவன் நான். கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னவனும் நான். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வந்து உங்கள் ஊர்க்கூட்டத்திலும் இதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக்கொடுக்கிறேன். என்ன வரும் என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. பயம் இருக்கட்டும்.

தயவுசெய்து யாரும் கைதட்டாதீர்கள். பாய், சொல்லுங்கள் அவர்களிடம். இதற்குக் கைதட்டல் வாங்கினால் நான் மனிதனே இல்லை.

மாயவன் ஐயா எழுந்திருக்கிறார். பேசுகிறார். மைக் வயர் அங்கே வரைக்கும் எட்டாது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதால் அவர் சொல்வதை நானே திருப்பிச் சொல்கிறேன். 'ஒரு வருசமா இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?' என்று கேட்கிறார். பயந்துகொண்டிருந்தேன், ஐயா. 'உன் பேச்ச நம்பி எம்மருமவள பொய்க்காரின்னு சொல்லி வூட்டு வாசப்படி ஏற வுடல' என்கிறார். ஆமாம், ஐயா. 'அவ அழுதா, நான் மொகத்தத் திருப்பிக்கினேன். அத நான் இன்னான்னு போயி சொல்றது?' என்று கேட்கிறார். அதுவும் நான் செய்த பாவம்தான், ஐயா.

அம்மாவும் எழுந்துவிட்டார். சொல்லுங்கம்மா. எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், அப்படியே திருப்பிச் சொல்கிறேன். 'எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வாணாம் சாரு' என்கிறார். 'எம்புள்ளகிட்ட சொல்லு. அது கத்துனது எனக்குக் கேட்டுச்சின்னு சொல்லு. நான் வராம இருக்கலன்னு சொல்லு.'

கொஞ்சம் பொறுங்கள். மேடை விளிம்புக்கு வருகிறேன், பிள்ளைக்கு என் முகம் தெரியட்டும். ஒரு நிமிடம்.

சுபஸ்ரீ. கண்ணு. இங்க பாரும்மா. இந்த மாமாவ ஞாபகம் இருக்குதா? கழுத்துல பெட்டி மாட்டிக்கினு இருந்தேனே. அன்னிக்கு நீ கத்துன இல்ல? ஒங்கம்மாவுக்குக் கேட்டுச்சும்மா. மொத தடவையே கேட்டுச்சு. புள்ள அழுவுற சத்தம்னு சொன்னாங்க. ஓடி வரணும்னு தான் நின்னாங்க. மாமாதான் வுடல. மாமாதான் மயிலுன்னு தப்பா சொல்லிட்டேன். அது மயிலு இல்லடா. நீதான் கூப்புட்ட.

ஐயா, பிள்ளை மடியிலிருந்து இறங்குகிறது. பிடிக்காதீர்கள். நீங்கள் பிடிக்கவில்லை, பார்க்கிறேன், கையை எடுத்துவிட்டீர்கள். உங்களைக் கும்பிடுகிறேன். தம்பிகளே, அந்த நாற்காலிகளை நகர்த்துங்கள், கால் இன்னும் சரியாகவில்லை, இடறிவிடும். யாரும் தூக்க வேண்டாம். அதுவே போகட்டும். நடுவில் நிற்பவர்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள். தூணுக்குப் பக்கத்தில் அம்மா நிற்கிறார், அதற்குத் தெரிகிறது.

கேட்டிருந்த அத்தனை பேருக்கும் என் நன்றி. தலைவர் அவர்களுக்கும், மலையிறங்கி வந்தவர்களுக்கும், எல்லோருக்கும் வணக்கம். நான் இறங்கிக்கொள்கிறேன்.